இசைவின் கலை: ஐரோப்பியக் குதிரைப் பயிற்சி மரபின் வரலாறு

தமிழில் ‘நடை’ என்னும் சொல் காலின் இயக்கத்தையும் குறிக்கும். எழுதுவோரின் மொழிப்போக்கையும் குறிக்கும். குதிரையின் நடையை ஐவகைக் கதிகளாகப் பகுத்துப் பெயரிட்டது தமிழ் நிகண்டு மரபு. விலங்கின் நடையை உற்றுநோக்கி வகைப்படுத்தும் இம்மனப்பாங்கு பிற நாடுகளிலும் இருந்தது. ஐரோப்பாவில் அது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்து, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றை உடையதாயிற்று. இன்று அக்கலைக்கு வழங்கும் பெயர் ‘டிரெஸ்ஸாஜ்’ என்பது. பயிற்றுவித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது.

பந்தயக் குதிரை விரைவால் வெல்கிறது. போர்க்குதிரை துணிவால் வெல்கிறது. டிரெஸ்ஸாஜில் பழகிய குதிரையோ எங்கும் போய்ச் சேர்வதில்லை. அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட மணற்பரப்புக்குள் அது நடக்கிறது; துள்ளுநடை போடுகிறது; பாய்கிறது; பக்கவாட்டில் கால்மாற்றிச் செல்கிறது. பயிற்சியின் உச்சத்தில், இருந்த இடத்திலேயே தாளம் பிசகாமல் துள்ளுநடை போடுகிறது. இதனைப் பியாஃப் என்பர். ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையே காற்றில் ஒருகணம் தங்குவதுபோல் முன்செல்வதைப் பாஸாஜ் என்பர். மேலே அமர்ந்திருப்பவரோ ஏதும் செய்யாதவர்போல் தோன்றவேண்டும்.

இவை மனிதன் புனைந்த வித்தைகள் அல்ல. புல்வெளியில் அவிழ்த்துவிடப்பட்ட குதிரை, மகிழ்ச்சியாலோ செருக்காலோ, தானாகவே இவற்றுட் பலவற்றைச் செய்கிறது. ஆனால் மனிதன் முதுகில் ஏறியதும் அவ்வழகு குலைந்துபோகிறது. குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஏறியமர்பவரின் எடையும் பெரிதும் அங்கேயே விழுகிறது. பின்னங்கால்கள் வயிற்றின் கீழ் இன்னும் முன்னே வந்து அச்சுமையைப் பங்கிட்டுக்கொள்ளப் பழகினால்தான் முன்பகுதி இலேசாகி எழும். தசைகள் அதற்கேற்ப வலுப்பெறப் பல ஆண்டுகள் ஆகும். சுமை ஏறியதால் இழந்த இயல்பைச் சுமையோடு மீட்டுத் தருவதே இக்கலையின் நோக்கம் எனலாம்.

ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கு ஏன் இதற்கு உடன்படவேண்டும்? இவ்வினாவிற்கு வரலாற்றில் இருவகை விடைகள் கிடைக்கின்றன. அச்சத்தால் உடன்படும் என்பது ஒன்று. புரிந்து இசையும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவர் நூலிலேயே அருகருகே நிற்பதுண்டு. அவற்றிடையே நிகழ்ந்த நெடிய வழக்கே இக்கலையின் வரலாறு.

ஏதென்சு நகரத்துப் படைவீரர்

குதிரையேற்றம் பற்றி முழுமையாகக் கிடைக்கும் பழைய கிரேக்க நூல் செனபோன் எழுதியது. ஏதென்சு நகரத்தவரான இவர் சாக்கிரட்டீசின் மாணவர். கி.மு. 401-இல் பாரசீக இளவரசன் ஒருவனுக்குத் துணையாகச் சென்று, தலைவர்களை இழந்து நின்ற பதினாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரைத் தாயகம் நோக்கி நடத்திவந்தவர்களுள் ஒருவர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முதுமைக் காலத்தில், தம் இளைய நண்பர்களுக்காகக் குதிரை நூலை எழுதினார். தமக்கு முன்னரே சீமோன் என்பவர் இப்பொருள் பற்றி எழுதியதை நன்றியோடு குறிப்பிடுகிறார்.

அக்காலத்துக் கிரேக்கரிடம் அங்கவடி இல்லை. மரச்சட்டம் கொண்ட சேணமும் இல்லை. வெறும் முதுகிலோ ஒரு துணிவிரிப்பின் மேலோ அமர்ந்து போரிட்டனர். குதிரை வெகுண்டால் வீழ்வது உறுதி. அந்நிலையில் வாழ்ந்த படைவீரர் ஒருவர் வன்மையைப் பரிந்துரைத்திருப்பின் வியப்பில்லை. செனபோனோ மாறாகக் கூறினார். சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பது அவர் வகுத்த முதல் விதிகளுள் ஒன்று. நன்கு செய்தவுடன் அதனை இளைப்பாற விடுக என்றார். வற்புறுத்திச் செய்விப்பதைக் குதிரை புரிந்துகொள்வதில்லை என்றும், அடித்து ஆடவைக்கப்படும் கூத்தனின் ஆட்டத்தில் அழகு இராததுபோல் அதிலும் அழகு இராது என்றும் அவர் கருதினார்.

இக்கலையின் அறம் முழுவதும் இங்கே அடங்கிவிட்டது. ஆயினும் இந்நூல் கற்பித்ததை நடத்திக்காட்டும் பள்ளி ஒன்று தொடர்ந்து நிலைக்கவில்லை. ஏடு பிழைத்தது, கைப்பழக்கம் அற்றுப்போயிற்று. ஐரோப்பாவில் குதிரைப் பயிற்சி பற்றிய அடுத்த பெருநூல் அச்சேற ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆயின.

நேப்பிள்சும் பாரிசும்

1550-இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பெருங்குடியினரான ஃபெடரிகோ கிரிஸோனே ஒரு நூலை வெளியிட்டார். அது விரைவிலேயே பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பல பதிப்புகள் கண்டது. மறுமலர்ச்சிக் காலத்து அரண்மனைகளில் நடனமும் வாள்வீச்சும் போலக் குதிரையேற்றமும் பிரபுக்களுக்கு இன்றியமையாத கல்வியாகியிருந்தது. அதனை ஒழுங்கான பாடத்திட்டமாக்கிய பெருமை கிரிஸோனேயைச் சாரும். பணிந்த குதிரையைத் தடவிக் கொடுக்கவேண்டும் என்று கூறியவரும் அவரே. ஆனால் பணியாத குதிரைக்கு அவர் நூல் காட்டும் வழிகள் கொடியவை. கடுமையான வாயிரும்புகள், குதிமுள், கோல் ஆகியவற்றோடு, கழியொன்றில் உயிருள்ள பூனையைக் கட்டிக் குதிரையின் பின்னங்கால்களுக்கிடையே செலுத்தும் முறையும் அங்கே கூறப்பட்டுள்ளது. செனபோனின் கிரேக்க மூலம் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சாகியிருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நூல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதன் உட்பொருள் கைகளுக்கு எட்டவில்லை.

அதே நேப்பிள்சில் பிஞ்ஞாதெல்லி என்னும் ஆசானிடம் பயின்ற பிரெஞ்சுக்காரர் அந்துவான் த ப்ளுவினேல். தாயகம் திரும்பி மூன்று பிரெஞ்சு மன்னர்களுக்குப் பணியாற்றிய அவர், 1594-இல் பாரிசில் ஒரு கலைக்கழகம் நிறுவினார். அங்கே குதிரையேற்றத்தோடு கணிதம், இசை, நடனம் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் பிரான்சின் முதலமைச்சராக விளங்கிய ரிஷலியூ இளமையில் அங்குப் பயின்றவர். சிறுவயதிலேயே அரியணை ஏறிய பதின்மூன்றாம் லூயி மன்னனுக்குக் குதிரையேற்றம் கற்பித்தவரும் ப்ளுவினேலே. அவர் 1620-இல் மறைந்தபின், 1623-இல் வெளிவந்த அவரது நூல் மன்னனுக்கும் ஆசானுக்கும் இடையிலான உரையாடலாக அமைந்துள்ளது.

குதிரையின் கால்களைவிட அதன் மூளைக்கே மிகுதியாக வேலை தரவேண்டும் என்பது ப்ளுவினேலின் கொள்கை. ஆகவே முதுகில் ஆளை ஏற்றுமுன் ஒற்றைத் தூணைச் சுற்றியும், பின்னர் இரு தூண்களுக்கிடையே கட்டியும் அதனைப் பழக்கினார். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் இயல்பறிந்து பாடம் வகுத்தார். இளங்குதிரையின் இயற்கையான எழிலைப் பழமரத்துப் பூவின் மணத்திற்கு ஒப்பிட்டு, ஒருமுறை போய்விட்டால் அது மீளாது என எச்சரித்தார். நேப்பிள்சில் கற்ற கல்வியிலிருந்து வன்மையைக் கழித்து எஞ்சியதைப் பாரிசுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு மாணவர் தம் ஆசிரிய மரபைத் திருத்திக் கையளித்த நிகழ்ச்சி இது.

நாடிழந்த பிரபு

அடுத்த பெயர் ஆங்கிலேயருடையது. நியூகாசில் பிரபு வில்லியம் கேவன்டிஷ் நாடகங்களும் கவிதைகளும் எழுதியவர். நாடகாசிரியர் பென் ஜான்சனின் புரவலர். இவருடைய மனைவி மார்கரெட் கேவன்டிஷ் தத்துவமும் கதையும் எழுதி 17ஆம் நூற்றாண்டில் தம் பெயரிலேயே வெளியிட்ட துணிவுடைய பெண்மணி. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற நியூகாசில், 1644-இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் தோற்று நாடு நீங்கினார். பாரிசில் சிலகாலம் தங்கியபின், ஆண்ட்வெர்ப் நகரில் ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்து மறைந்த வீட்டில் குடியேறினார். செல்வம் போயிற்று, கடன் மிகுந்தது. எனினும் அங்கேயும் குதிரைகளைப் பழக்கினார். அவற்றைக் காண அயல்நாட்டவர் பலர் வந்தனர். 1658-இல் பெரிய செப்புத்தகட்டுச் சித்திரங்களோடு தம் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

குதிரை சிந்திக்குமா என்னும் கேள்வி இவர் காலத்தில் வெறும் லாயத்துப் பேச்சாக இருக்கவில்லை. தத்துவஞானி டேக்கார்ட் 1646-இல் இவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விலங்குகளுக்குச் சிந்தனை இல்லை என்னும் தம் கொள்கையை விளக்கியுள்ளார். தத்துவ வரலாற்றில் அது புகழ்பெற்ற கடிதம். நியூகாசில் அதனை ஏற்கவில்லை. குதிரைக்கு நினைவாற்றலும் ஒப்பிட்டுத் தெளியும் ஆற்றலும் உண்டு என்பதைத் தம் நூல்களில் வலியுறுத்தினார். நாள்தோறும் குதிரையின் மேல் அமர்ந்து பெற்ற பட்டறிவு, அறையில் அமர்ந்து பெற்ற முடிவை மறுத்துரைத்தது.

ஆயினும் இவரிடமே பெரியதொரு முரண்பாடும் உண்டு. குதிரை முதலில் தன்னை அஞ்சவேண்டும், அவ்வச்சத்திலிருந்தே அன்பு பிறக்கும் என்று அவர் நம்பினார். கழுத்தை ஒருபக்கம் இழுத்து வளைக்க, மூக்குப்பட்டையிலிருந்து சேணம்வரை வாரைப் பூட்டிப் பயிற்றினார். குதிரைக்கு அறிவு உண்டு என்று வாதிட்டவரால் அவ்வறிவை முழுமையாக நம்ப இயலவில்லை.

விட்டுக்கொடுக்கும் கை

அந்நம்பிக்கையைச் செயலாக்கிக் காட்டியவர் பிரான்சுவா ரொபிஷோன் த லா கெரினியேர் (1688–1751). 1730 முதல் பாரிசில் துய்லெரி அரண்மனைக் குதிரைப் பள்ளியை நடத்திய இவரது ‘குதிரையேற்றப் பள்ளி’ என்னும் நூலின் முழுப்பதிப்பு 1733-இல் வந்தது. நியூகாசில் வட்டத்தில் செய்வித்த வளைவுப் பயிற்சியை இவர் எடுத்துக்கொண்டார். வட்டத்திலிருந்து விடுவித்துச் சுவரோரமாக நேர்க்கோட்டில் அமைத்தார். குதிரையின் தோள்கள் சுவரிலிருந்து சற்றே உள்ளே வர, உடல் அமர்ந்திருப்பவரின் உட்காலைச் சுற்றி மெல்ல வளைய, உட்பக்கப் பின்னங்கால் வயிற்றின் கீழ் ஆழமாக அடியெடுத்து வைக்கும். ‘உள்நோக்கிய தோள்’ எனப் பெயர்பெற்ற இப்பயிற்சி இன்றும் உலகெங்கும் அடிப்படைப் பாடமாக உள்ளது. வாரால் இழுத்துப் பெறவேண்டியிருந்த நெகிழ்வைக் குதிரை தன் அடிவைப்பாலேயே பெற்றுக்கொள்ள இது வழிசெய்தது.

அவர் விளக்கிய மற்றொன்றும் சிந்தனைக்குரியது. குதிரை நன்கு ஒன்றுதிரண்டு இயங்கும் வேளையில் ஆசான் கடிவாளக் கையைத் தாழ்த்தி வாரைத் தளரவிட வேண்டும். அப்போதும் குதிரை தன் நிலை குலையாமல், விரையாமல் அவ்வாறே இயங்குமாயின் பயிற்சி மெய்யானது. குலைந்தால், அதுகாறும் கண்டது கையின் வலிமையே. இசைவா, அச்சமா என்னும் பழைய வினாவிற்கு இவ்வாறு கண்ணால் காணத்தக்க ஒரு சோதனை கிடைத்தது.

வெண்புரவிகளின் மாடம்

பிரெஞ்சுப் புரட்சியும் அதனைத் தொடர்ந்த போர்களும் பிரான்சின் அரண்மனைப் பள்ளிகளைச் சிதறடித்தன. புகழ்பெற்ற வெர்சாய் பள்ளி 1830-இல் அறவே மூடப்பட்டது. கெரினியேரின் கல்வி இடையறாது தொடர்ந்தது ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில்தான். அங்குள்ள ‘ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி’ 1572-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிக்கப்படுகிறது. ஸ்பானிய இனக் குதிரைகளைக் கொண்டு தொடங்கியதால் அப்பெயர் பெற்றது. 1580-இல் இன்றைய ஸ்லொவேனியாவிலுள்ள லிப்பிஸா என்னும் ஊரில் அரச குடும்பத்தார் ஒரு குதிரைப் பண்ணை நிறுவினர். அங்கே உருவான இனமே லிப்பிஸானர். பிறக்கும்போது கருமையாகவோ கபிலமாகவோ இருக்கும் இக்குட்டிகள் ஆண்டுகள் செல்லச்செல்ல வெண்ணிறம் அடைகின்றன.

ஆறாம் சார்லஸ் பேரரசன் காலத்தில், 1729 முதல் 1735 வரை, கட்டடக்கலைஞர் யோசப் இமானுவேல் ஃபிஷர் ஃபொன் எர்லாக் எழுப்பிய மண்டபத்தில் இப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. நாற்பத்தாறு தூண்கள் தாங்கும் மாடங்களையுடைய வெண்ணிற மண்டபம் அது. உள்ளே நுழையும் வீரர்கள் அப்பேரரசனின் ஓவியத்தை நோக்கித் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டே தொடங்குகின்றனர்.

இப்பள்ளியின் சிறப்பு மண்டபத்தில் இல்லை. கற்பிக்கும் முறையில் உள்ளது. புதிதாகச் சேரும் மாணவருக்கு முதற்கண் கடிவாளம் தரப்படுவதில்லை, அங்கவடியும் தரப்படுவதில்லை. முதிர்ந்த பொலிகுதிரை ஒன்றின் மேல் அவரை அமர்த்தி, ஆசான் நெடுங்கயிற்றைப் பிடித்து வட்டமாக நடத்துகிறார். குதிரையின் அசைவோடு தன் உடலை ஒன்றச்செய்வதே மாணவரின் பாடம். இது மாதக்கணக்கில் நீளும். இளம்மாணவருக்கு முதிர்ந்த குதிரை ஆசான். இளங்குதிரைக்கு முதிர்ந்த வீரர் ஆசான். அறியாத இருவரை ஒன்றாக ஏற்றிவிடுவது அங்கு வழக்கமில்லை. குதிரை உச்சநிலையை எட்ட ஏறத்தாழ ஆறாண்டுகளும், மனிதர் எட்ட அதனினும் கூடுதலான ஆண்டுகளும் ஆகின்றன. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் லெவாட், காற்றில் எழும்பிப் பின்னங்கால்களை உதைக்கும் காப்ரியோல் போன்ற தாவல்களை எல்லாக் குதிரைகளுக்கும் கற்பிப்பதில்லை. எதில் எக்குதிரைக்கு நாட்டம் உண்டோ அதையே வளர்க்கின்றனர்.

நெடுங்காலம் இப்பாடங்கள் பெரிதும் வாய்மொழியாகவே வழங்கின. பள்ளியின் பயிற்சி நெறிகள் சுருக்கமாக எழுத்தில் தொகுக்கப்பட்டது 1898-இல்தான். நூல் மட்டும் எஞ்சிய செனபோனின் கதைக்கு இது நேர்மாறானது.

அரசு வீழ்ந்தபின் அரண்மனைக் கலை எவ்வாறு பிழைக்கும்? 1918-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசு மறைந்தது. லிப்பிஸா இத்தாலியின் கைக்குப் போயிற்று. ஆஸ்திரியாவின் பங்காகக் கிடைத்த குதிரைகள் 1920-இல் பீபர் என்னும் ஊர்ப் பண்ணைக்கு மாற்றப்பட்டன. அரசவைக்குரியதாயிருந்த காட்சிகள் பொதுமக்களுக்குக் கட்டணத்தோடு திறந்துவிடப்பட்டன. இரண்டாம் உலகப்போர் இன்னும் பெரிய சோதனையாயிற்று. அப்போது பள்ளியின் தலைவராயிருந்தவர் அலோய்ஸ் பொத்ஹைஸ்கி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜில் வெண்கலம் வென்றவர். 1945 மார்ச்சில், வியன்னாவின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, பொலிகுதிரைகளை மேல் ஆஸ்திரியாவிலுள்ள சாங்க்ட் மார்ட்டின் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றார். பெட்டைக்குதிரைகளோ முன்னரே பொகீமியாவில் ஹோஸ்டாவ் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தன.

1945 மே 7-ஆம் நாள் அமெரிக்கப் படைத்தளபதி பேட்டன் முன்னிலையில் பொத்ஹைஸ்கி தம் குதிரைகளோடு தோன்றினார். காட்சி முடிந்ததும் பள்ளியை அமெரிக்கப் படையின் பாதுகாப்பில் ஏற்குமாறு வேண்டினார். பேட்டன் இசைந்தார். அவரும் குதிரையேற்றம் அறிந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்திறப் போட்டியில் பங்கேற்றவர். ஹோஸ்டாவிலிருந்த பெட்டைகளையும் அமெரிக்கப் படையினர் மீட்டுத் தந்தனர். வெல்ஸ் நகரில் பல ஆண்டுகள் தங்கியிருந்த பள்ளி, ஆஸ்திரியா முழு விடுதலை பெற்ற 1955-இல் தன் பழைய மண்டபத்திற்குத் திரும்பியது. பொத்ஹைஸ்கி பின்னாளில் எழுதிய நூல் ஒன்றன் தலைப்பு, குதிரைகளே தம் ஆசான்கள் என்னும் பொருளுடையது.

சர்க்கஸ் மேடையின் ஆசான்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இக்கலை அரண்மனையை விட்டுச் சர்க்கஸ் மேடைக்கு வந்தது. பிரான்சுவா போஷே (1796–1873) பிரபு குடும்பத்தவர் அல்லர். பாரிசின் சர்க்கஸ் அரங்குகளில் குதிரைகளைக் காட்டிப் புகழ்பெற்றார். 1842-இல் அவர் வெளியிட்ட நூல் பாரிசை இரு கட்சியாகப் பிரித்தது. வயல்வெளியில் விரைந்து செல்லும் இயல்பான ஏற்றமே போதும் என்ற தோர் பிரபு எதிர்க்கட்சியின் தலைவர். குதிரையின் எல்லா எதிர்ப்பையும் கையாலும் காலாலும் அடக்கி அதன் ஆற்றலை முழுவதும் தன்வயப்படுத்த வேண்டும் என்பது போஷேயின் முதற்கொள்கை. படைத்துறை அவரது முறையைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஏற்க மறுத்தது.

1855-இல் ஒருநாள் சர்க்கஸ் அரங்கின் பெரிய சரவிளக்கு அறுந்து அவர்மேல் விழுந்தது. கால் நசுங்கியது. அதன்பின் அவர் மக்கள்முன் குதிரையேறவில்லை. ஆனால் தனியிடத்தில் தொடர்ந்து பழகினார். வலுவோடு அழுத்தும் கால்கள் இனி இல்லை. அந்நிலையில் அவர் கண்ட புதுநெறி ‘இரண்டாம் முறை’ எனப்படுகிறது. கை இயங்கும்போது கால் இயங்கலாகாது. கால் இயங்கும்போது கை இயங்கலாகாது என்பது அதன் சாரம். இரண்டும் ஒருங்கே இயங்கினால் குதிரைக்குக் கிடைப்பது முரண்பட்ட கட்டளை. ஒன்று பேசும்போது மற்றொன்று அமைதியாக இருந்தால் மிக மெல்லிய குறிப்பும் போதும்.

போஷேயிடமும் அவர் எதிரியான தோர் பிரபுவிடமும் பயின்ற படை அதிகாரி லோத். சோமூர் குதிரைப்படைப் பள்ளியின் தலைமை ஆசானாக 1864 முதல் 1870 வரை பணியாற்றியவர். ஆசானின் இறுதிநாள்களில் அவரைக் காணச்சென்ற நிகழ்ச்சியை லோத் பதிவுசெய்துள்ளார். படுக்கையில் கிடந்த போஷே மாணவரின் கையைப் பற்றி, கடிவாளம் பிடிக்கும் நிலையில் வைத்து, என்றும் இப்படியே இருக்கட்டும் என்றார். பின்னர் அக்கையை மார்பை நோக்கி இழுத்துக்காட்டி, ஒருபோதும் இப்படி வேண்டாம் என்றார். முப்பதாண்டுப் பூசலும் பல பதிப்புகள் கண்ட நூலும் இருந்தும், அவர் விட்டுச்செல்ல விரும்பியது ஒரு கையின் நிலை.

ஹெல்சிங்கி, 1952

1912-இல் ஸ்டாக்ஹோமில் டிரெஸ்ஸாஜ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஆனால் நெடுங்காலம் படை அதிகாரிகளே அதில் பங்கேற்க முடிந்தது. 1948-இல் லண்டனில் அணிப் போட்டியில் தங்கம் பெற்ற ஸ்வீடன், மறு ஆண்டு அதனை இழந்தது. அணியிலிருந்த யேனல் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்லர், போட்டிக்காகத் தற்காலிகமாகப் பதவி உயர்த்தப்பட்டவர் என்பதே காரணம். குதிரைக்கு அவர் தோளிலிருந்த பட்டையைப் பற்றி ஏதும் தெரியாது. இவ்விதி மாற்றப்பட்டு, 1952-இல் ஹெல்சிங்கியில் படைசாராதோருக்கும் பெண்களுக்கும் வாயில் திறந்தது. பெர்சன் மீண்டும் வந்து ஸ்வீடன் அணியோடு தங்கம் வென்றார்.

அவ்வாண்டு களமிறங்கிய நான்கு பெண்களுள் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல். 1944-இல், இருபத்துமூன்றாம் வயதில், கருவுற்றிருந்த வேளையில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழ் கால்கள் செயலிழந்தன. மீண்டும் குதிரையேறுவது இயலாது என்று பலர் கருதினர். அவரோ கையூன்றி நகரக் கற்றார்; தாங்குகோலில் நடக்கக் கற்றார்; பிறர் தூக்கி அமர்த்தக் குதிரையில் ஏறினார். குதிமுள்ளால் குத்தவோ காலால் அழுத்தவோ இயலாத நிலையில், முதுகின் அசைவாலும் எடையை மாற்றுவதாலும் தம் கருத்தைத் தெரிவித்தார். ஜூபிலி என்னும் பெட்டைக்குதிரை அக்குறிப்புகளைப் படித்துக்கொண்டது. ஹெல்சிங்கியில் படை அதிகாரிகளை முந்தி ஹார்டெல் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி சாங் சீர் அவரைப் பரிசு மேடைக்கு ஏற உதவினார். நான்காண்டுகள் கழித்து ஹார்டெல் மீண்டும் வெள்ளி பெற்றார்.

செனபோனுக்கு அங்கவடி இல்லை. போஷேயின் கால் நசுங்கியது. ஹார்டெலின் கால்கள் உணர்ச்சிக்குக் கட்டுப்படவில்லை. வன்மைக்கு வழியில்லாதபோது கலை குன்றவில்லை, கூர்மையடைந்தது. அச்சத்தால் மட்டுமே குதிரை பணியும் எனின் ஜூபிலி ஓரடியும் எடுத்துவைத்திருக்காது. ஐரோப்பாவில் குதிரையேற்றத்தை நோய்தீர்க்கும் பயிற்சியாக ஏற்கும் இயக்கத்திற்கு ஹார்டெலின் வெற்றி ஊக்கம் தந்தது. உடற்குறையுடையோருக்கான டிரெஸ்ஸாஜ் 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் இடம்பெற்றது.

முடியாத வழக்கு

எனினும் வழக்கு முடிந்துவிட்டதாகக் கூற இயலாது. மதிப்பெண்ணும் பரிசும் விலையும் ஏறிய இக்காலத்தில் அச்சத்தின் வழி வேறு உருவில் திரும்புகிறது. குதிரையின் முகவாய் மார்பில் படுமாறு கழுத்தை வலிந்து மடக்கிப் பயிற்றும் முறை பற்றிப் பெரும் எதிர்ப்பு எழுந்ததால், வன்மையால் அந்நிலையைப் பெறுவது ஏற்கத்தக்கதன்று எனப் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-இல் அறிவித்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சில நாள்கள் முன்னர், ஒலிம்பிக்கில் பன்முறை தங்கம் வென்ற பிரிட்டன் வீராங்கனை ஒருவர், பயிற்சியின்போது குதிரையின் கால்களில் மீண்டும் மீண்டும் சாட்டையை வீசிய பழைய காட்சி வெளிப்பட்டதால் போட்டியிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் பெற்றார். சிறந்த கைகளும் வழுவக்கூடும் என்பதற்கு இது சான்று.

மறுபுறம் இக்கலை புதிய கைகளையும் தேடிச்செல்கிறது. வியன்னாப் பள்ளி 2008-இல் முதன்முறையாகப் பெண்களை மாணவராகச் சேர்த்தது. 2015-இல் யுனெஸ்கோ அப்பள்ளியின் குதிரையேற்ற மரபை மனிதகுலத்தின் தொட்டறியா மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. குதிரைகளையோ மண்டபத்தையோ அன்றி, ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்கும் அறிவையே அந்த ஏற்பு முதன்மையாகக் கருதுகிறது. 2023-இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வென்றது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் ஐரோப்பாவில் ஆசான்களிடம் தங்கிப் பயின்றவர்கள். குதிரையேற்றத்தில் இந்தியா 1982-க்குப் பின் பெற்ற தங்கம் அது. மறு ஆண்டு பாரிசில், ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பங்கேற்ற முதல் இந்தியரானார் அனுஷ் அகர்வாலா.

ஓவியம் சுவரில் நிற்கும். கவிதை ஏட்டில் நிற்கும். இக்கலையின் ஆக்கமோ மணலில் பதிந்த குளம்படிகளே. காட்சி முடிந்ததும் அவையும் வாரியால் சமன்செய்யப்படும். எஞ்சுவது குதிரையின் தசையிலும் மனிதரின் முதுகிலும் தங்கிய நினைவு. அதுவும் அவ்விருவரின் ஆயுளோடு முடிந்துவிடும், அடுத்தவருக்குக் கொடுத்தாலன்றி. ஆகையால்தான் வியன்னாவில் காலைப்பொழுதில், வாய்திறவாத முதிய குதிரையொன்று, கடிவாளமும் அங்கவடியும் இல்லாத இளையவர் ஒருவரைச் சுமந்து வட்டமிடுகிறது. கற்பிப்பது யார் என்பதில் அங்கு எவருக்கும் ஐயமில்லை.